இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆள்

14 பிப்ரவரி 2024, புதன்

காலை 5.40. தேவை: 212 பேர். வேன்களில் ஏறியவர்கள்: 211.

எண்ணிக்கையை முதலில் எழுதிவிடுகிறேன். இதற்குத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். படித்தது பி.இ. மெக்கானிக்கல். இலங்கை அகதி முகாம் முகவரியைப் பார்த்ததும் எந்தக் கம்பெனியும் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. நான்கு வருடம் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தேன். இப்போது சினிமாவுக்கு ஆள் சேர்க்கிறேன்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டை ஜனாதிபதி மாளிகையாக மாற்றியிருக்கிறார்கள். ஒரு சர்வாதிகாரியின் வாழ்க்கை வரலாறு, ஐந்து மொழிகளில் வருகிறது. எங்கோ ஒரு தீவு நாடு, இருபத்தாறு வருட ஆட்சி. வழக்கு வரும் என்று ஆளின் பெயரை வெலாண்டோ என்றும் நாட்டின் பெயரை லசோரா என்றும் மாற்றிவிட்டார்கள். லசோரா ஜனங்களாக நிற்க எங்கள் முகாம் ஆட்கள். நிறம் பொருந்துகிறதாம்.

ஒரு ஆள் குறைந்ததால் வீட்டுக்கு ஓடினேன். அம்மா கிணற்றடியில் நின்றாள்.

"எனக்கு நடிக்கத் தெரியாது தம்பி."

"சும்மா நிக்கிறதுதான் அம்மா. கெதியா வாங்கோ."

"பொட்டு வச்சிட்டு வாறன், பொறு."

அதற்கு மூன்று நிமிடம். வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். 212.

காட்சி: வெலாண்டோ மேல்மாடத்திலிருந்து கையசைக்கிறார், நாங்கள் வாழ்க போடுகிறோம். பதினெட்டு தடவை. எங்கள் வரிசை வீட்டு பெர்னதெத் அக்கா பத்தாவது தடவையில் சொன்னா: "ஆமிக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தம். இஞ்ச பாரன், ஆமிக்காரனுக்கே வாழ்க போடுறம். அதுவும் கோழிப் பிரியாணியோட." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டைரக்டர் மைக்கில், "சிரிப்பு நல்லா இருக்கு, அப்படியே வைங்க" என்றார்.

17 பிப்ரவரி, சனி

ஒரு கிராமத்தைச் சுட்டு அழிக்கும் காட்சி இருந்தது. அதற்கு எங்கள் ஆட்கள் அறுபது பேர். இன்று ரத்து. துணை இயக்குநர் கிஷோரிடம் கேட்டேன். சென்னைக்காரன், என் வயது, கெட்டவன் இல்லை.

"ப்ரோ, டைரக்டர் அத வேற மாதிரி யோசிச்சுட்டார். வெலாண்டோ தோட்டத்துல புறாவுக்குத் தீனி போடறார். ஃபோன் வருது. 'முடிஞ்சது'ன்னு ஒரே வார்த்தை. அவர் கை நடுங்குது. தானியம் கொட்டுது. கட். செம பவர்ஃபுல்."

"செத்தவங்க எங்க?"

"அவங்க வெளிய. கேமரா எப்பவும் அவர் கூடதான். அவர் பார்வைல போற படம் இது."

"செத்தவங்களுக்குப் பார்வை கிடையாதா?"

"ப்ரோ, நீங்க இன்ஜினியர். இது வேற."

வேறுதான். ஆனால் அளக்க முடியாதது இல்லை. இந்த வகைப் படங்களில் ஏழு படங்களைப் போனில் பார்த்து ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன். எல்லாவற்றிலும் ஒரே உதிரிபாகங்கள்: அடிக்கும் அப்பன், அணைக்கும் அம்மா, ஒரு நாயோ புறாவோ, கண்ணாடி முன்னால் தனியாக நிற்கும் ஒரு காட்சி, கோபித்துக்கொண்டு போகும் ஒரு மகள். ஒன்றில் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம். அவன் கண் கலங்கும் நேரம், சராசரியாக நான்கு நிமிடம். அவன் கொன்றவர்களில் ஒருவருடைய பெயராவது உச்சரிக்கப்பட்ட படங்கள், ஏழில் இரண்டு.

கிஷோரிடம் காட்டினேன். "எக்செல்லா போட்டிருக்கீங்க?" என்று கேட்டான்.

19 பிப்ரவரி, திங்கள்

சர்வாதிகாரிக்குக் காய்ச்சல். நாட்டுக்கு விடுமுறை. பெர்னதெத் அக்கா வீட்டு ஃபேனுக்குக் கப்பாசிட்டர் மாற்றினேன்.

22 பிப்ரவரி, வியாழன்

காலை 6.15. தேவை: 212. வந்தவர்கள்: 212.

வெலாண்டோவின் இறுதி ஊர்வலம். எழுதப் பொறுமை இல்லை. ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன்.

உடை மாற்றும் இடத்தில் பெண்களுக்குக் கறுப்புத் துணி கொடுத்தார்கள். உடைப் பொறுப்பாளர் ஷர்மிளா வரிசையாக வந்து, "அக்கா பொட்டு எடுத்துடுங்க, தாலி உள்ள போட்டுக்கங்க, அந்த ஊர்ல இதெல்லாம் கிடையாது" என்றார். பொட்டு வைத்திருந்தவர்கள் எல்லோரும் எடுத்தார்கள். அம்மா மட்டும் எடுக்கவில்லை.

அம்மாவின் பொட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. 2006-இல் அம்மாவும் நானும் படகில் வந்தோம். எனக்கு எட்டு வயது. அப்பா, யோகநாதன், கிளிநொச்சியில் டிராக்டர் மெக்கானிக். பட்டறையை விற்றுவிட்டுப் பின்னால் வருவதாகச் சொன்னார். சண்டை தொடங்கிப் பாதை மூடிவிட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தார். 2009 ஏப்ரலுக்குப் பிறகு பேச்சு இல்லை. அவரைப் பார்த்தேன் என்று சொன்னவர்களும் இல்லை, அவர் உடலைப் பார்த்தேன் என்று சொன்னவர்களும் இல்லை. அன்றிலிருந்து அம்மா ஒரு நாளும் பொட்டு வைக்காமல் வாசலுக்கு வந்ததில்லை. ஒரு நாளும் அழுததும் இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. அம்மாவோடு அதைப் பற்றி நான் விவாதிப்பதில்லை.

ஷர்மிளா என்னைக் கூப்பிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டைரக்டர் கத்திக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன்:

"அம்மா, நடிப்புத்தானே. எடுத்திட்டுப் பிறகு வையுங்கோ."

"அது அப்பிடி எடுக்கிறேல்ல தம்பி."

"இருநூறு பேர் வெயிலுக்க நிக்கினம். உங்களாலதான் சுணங்குது."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு லாரியின் பக்கக் கண்ணாடியில் குனிந்து, முந்தானையால் துடைத்தாள். ஒரே துடைப்பு.

முதல் மூன்று டேக்கில் யாரும் அழவில்லை. கிளிசரின் கொடுத்தார்கள். பெர்னதெத் அக்காவுக்குக் கிளிசரின் போட்டதும் தும்மல்தான் வந்தது. டைரக்டர் நாற்காலியை உதைத்தார். கிஷோர் மெகாஃபோனை என் கையில் திணித்தான்.

"ப்ரோ, நீங்க சொன்னா கேப்பாங்க. ஏதாவது சொல்லுங்க, ப்ளீஸ்."

எனக்கும் வேலை முடிந்தால் போதும் என்று இருந்தது. சொன்னேன்: "அந்தாளை விடுங்கோ. பெட்டிக்குள்ள ஆரும் இல்லை எண்டு நினையுங்கோ. உங்கட வீட்டில ஆர் போனது? அவையை நினைச்சு அழுங்கோ."

ஆக்‌ஷன் என்றார்கள். பெட்டி வந்தது. முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பின்வரிசையில் ஒரு கிழவர் "தம்பி..." என்றார். அவ்வளவுதான். அணை உடைந்தது போல என்று எழுதுவார்கள். அப்படி இல்லை. பம்ப் செட் ஸ்டார்ட் ஆவது மாதிரி. விக்கி, நின்று, விக்கி, பிறகு நிற்காமல்.

அம்மா வரிசையை விட்டு வெளியே வந்தாள். அவளுக்கு அப்படி ஒரு குறிப்பும் கொடுக்கப்படவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். "என்ர ராசா, வாறன் வாறன் எண்டு சொல்லிச் சொல்லியே போட்டியளே" என்றாள். பதினைந்து வருடக் கதை முழுவதையும் பெட்டியிடம் சொன்னாள். நான் பத்தாம் வகுப்பில் வாங்கிய மார்க்கைக்கூடச் சொன்னாள். கேமராமேன் ஓடி வந்து அவள் முகத்துக்குப் போனான்.

கட் சொன்ன பிறகும் யாரும் நிறுத்தவில்லை. பிறகு தானாக ஓய்ந்தது. தூசி அதிகம். எனக்குக் கண் எரிந்தது.

டைரக்டர் கை தட்டினார். பெட்டிக்குள் படுத்திருந்த நடிகர் எழுந்து உட்கார்ந்து, பதக்கங்கள் குலுங்க இறங்கி வந்து, அம்மாவைக் கும்பிட்டார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. அம்மா அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"இவர் எத்தினை பேரைக் கொன்றவர்?"

"இவர் நடிகர் அம்மா."

"ஓம். அந்த மற்றவர்?"

"நாப்பதாயிரம் எண்டு சொல்லினம்."

அம்மா தலையாட்டினாள். வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாலை 5.20-க்கு முகாமில் 212 பேரையும் இறக்கினேன்.

23 பிப்ரவரி, வெள்ளி

அம்மா இன்று கண்ணாடி முன்னால் நிற்கவில்லை. எழுந்ததும் நேராகத் தேத்தண்ணி வைத்தாள். சாந்து தீர்ந்திருக்கும் என்று நினைத்து, கடைக்குப் போய் ஒட்டுப்பொட்டு ஒரு அட்டை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

25 பிப்ரவரி, ஞாயிறு

அட்டை பிரிக்கப்படவில்லை.

பெர்னதெத் அக்கா மாதா கோயிலிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றபடி சொன்னா: "நீ என்ன செய்தனி எண்டு உனக்கு விளங்குதா?"

"நான் என்ன செய்தனான்? ஷூட்டிங்தானே அக்கா."

"விசரா. அவள் பதினைஞ்சு வருசமா அழேல்ல. ஏன் அழேல்ல? அழுதால் அவளின்ர புருசன் செத்துப் போடும். அதுக்காகத்தான் அழேல்ல. நீ மைக்கைப் பிடிச்சு 'அழுங்கோ' எண்டனி. அவள் அழுதிட்டாள்."

"அழுறதால ஒருத்தர் சாகிறேல்ல அக்கா. அவர் உயிரோட இருக்கிறதும் இல்லாததும் இதால மாறாது."

"உனக்கு மாறாது. நீ படிச்சனி."

ஷூட்டிங் முடிந்துவிட்டது. நாளை முதல் தேவகோட்டை ரோட்டில் ஒரு வீட்டுக்குப் பெயின்ட்.

3 மார்ச், ஞாயிறு

அம்மாவிடம் நேரடியாகக் கேட்கலாம் என்று நினைத்தேன். கறி நல்லா இருக்கு என்று சொன்னேன்.

12 ஜூலை, வெள்ளி

மாலை 6.00-க்கு ட்ரெய்லர் வந்தது. நீளம்: 2 நிமிடம் 14 விநாடி.

புறா இருக்கிறது. அடிக்கும் அப்பன் இருக்கிறான். கண்ணாடி இருக்கிறது. 1.51-இல் பெட்டி வருகிறது, பிறகு அம்மா. திரை முழுவதும் அம்மாவின் முகம். மூன்று விநாடி. நெற்றியில் ஒன்றும் இல்லை. சத்தம் இல்லை, வெளிநாட்டுப் பாடகர் கூட்டம் ஒன்று உச்சத்தில் பாடுகிறது. அவள் முகத்தின் மேல் வெள்ளை எழுத்து: 'ஒரு தேசமே அழுதது.'

கீழே கருத்துகள். 'எவ்வளவு கெட்டவனா இருந்தாலும் ஜனங்க மனசுல இடம் பிடிச்சிருக்கான்யா.' 'அந்தம்மா அழுறதப் பார்த்து எனக்கே அவர் மேல மரியாதை வந்துடுச்சு.' இரண்டாவது கருத்துக்கு நாலாயிரம் லைக்.

வாய் அசைவு எனக்குப் புரிகிறது. 'போட்டியளே' என்கிறாள், போய்விட்டீர்களே என்று.

அம்மா அதற்குள் பெர்னதெத் அக்காவின் போனில் பார்த்துவிட்டாள். திரும்பப் போடச் சொல்லி மூன்று தடவை பார்த்தாளாம். நான் போனபோது முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தனீங்களா?"

"ஓம். வடிவா எடுத்திருக்கிறாங்கள்." சுளகைத் தட்டினாள். "பாக்கிற ஆக்கள் எல்லாரும் நான் அந்தாளுக்கு அழுறன் எண்டுதான் நினைப்பினம், என்ன?"

நான் சுளகிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தேன்.

"உன்ர அப்பாவுக்கு நான் அழுதது அந்த ஒரு தரம்தான், தம்பி" என்றாள். "அதையும் அவனுக்குக் குடுத்தாச்சு."

19 ஜூலை, வெள்ளி

முகாமில் அனுமதி வாங்கிச் சென்னைக்குப் போய் வந்தேன். சாலிகிராமத்தில் எடிட்டிங் அறை. கிஷோர் டீ வாங்கிக் கொடுத்தான்.

"அந்த ஷாட்ட எடுத்துடுங்க" என்றேன்.

"ப்ரோ, அந்த ஷாட்டுக்காகத்தான் க்ளைமாக்ஸையே மாத்தியிருக்கார். முதல்ல ஜனங்க பயந்துபோய் அழுவாங்க, பெட்டி போனதும் தெருவுல யாருமே இல்லாத மாதிரிதான் முடிவு. அம்மாவோட ஃபுட்டேஜ் பார்த்துட்டு டைரக்டர், 'இல்ல, அவங்க நிஜமா அழுதாங்க'ன்னுட்டார்."

"யார் அழுதாங்க? லசோராக்காரங்களா?"

கிஷோர் டீயை ஆற்றினான்.

"அது என் அப்பாவுக்கு அழுதது, கிஷோர்."

"தெரியும் ப்ரோ. இப்பத் தெரியும்." டீயைக் கீழே வைத்தான். "நாங்க அவர நல்லவனாக் காட்டல. மனுஷனாக் காட்டறோம். அவ்ளோதான்."

"அவன மனுஷனாக் காட்ட எங்கம்மா முகம்தான் கெடச்சுதா?"

"கையெழுத்து இருக்கு ப்ரோ." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். முகம், குரல், எல்லாவற்றையும் பயன்படுத்தச் சம்மதம். 212 பெயர்கள். எல்லாப் பெயருக்கும் எதிரே ஒரே கையெழுத்து. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாங்க நேரம் ஆகும் என்று நானே போட்டது. 212-வது பெயர், தவமலர் யோகநாதன்.

சத்தத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். "தமிழ்ல கேக்குது ப்ரோ. அந்த நாட்டு மொழி இல்லியே." ஆனால் அன்று ஸ்பாட்டில் பதிவான ஒலி அழியவில்லை. அதை எனக்கு ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். அவனால் முடிந்தது அது. கொடுப்பதற்கு முன் ஹெட்போனில் இருவரும் கேட்டோம்.

11 நிமிடம் 20 விநாடி. அம்மா அப்பாவின் பெயரை ஒன்பது தடவை சொல்கிறாள். ஏழாவது நிமிடத்திலிருந்து அவள் குரலை மூடிக்கொண்டு இன்னொரு குரல். மெகாஃபோனில் ஒருவன், பட்டனை அழுத்திப் பிடித்தபடி, "அப்பா அப்பா" என்று அழுகிறான். நிறுத்தவே இல்லை. கிஷோர் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"லெவல் அதிகமா இருக்கு" என்றேன்.

28 ஜூலை, ஞாயிறு

காலை 7.10. வீட்டில் ஆட்கள்: 2.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "வாற ஞாயிறு ஆடி அமாவாசை. நீ விரதம் பிடிக்க வேணும்."

எங்கள் ஊரில் ஆடி அமாவாசை விரதம் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு. தகப்பன் இருப்பவன் பிடிக்கக் கூடாது. இத்தனை வருடமும் ஆடி அமாவாசை அன்று அம்மா வீம்பாக மீன் வாங்கிச் சமைத்து, எனக்குப் போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே இருந்து பார்த்தவள்.

"சரி அம்மா" என்றேன்.

பத்து மணிக்கு இருவரும் பிள்ளையார் கோயில் ஐயரிடம் போனோம். அவர் பஞ்சாங்கத்தைப் பிரித்தபடி இறந்த தேதி கேட்டார்.

"மாசி பத்து" என்றாள் அம்மா.

"எந்த வருஷம்?"

"இந்த வருசம்தான்."

ஐயர் நிமிர்ந்தார். "காணாமப் போய்ப் பதினஞ்சு வருஷம்னீங்களேம்மா. தேதி தெரியலைன்னா அமாவாசையில பண்ணிடலாம், தப்பில்ல."

"கேள்விப்பட்ட நாளை வைக்கலாம் எண்டு சொல்லுவினம் ஐயா. வைக்கலாமோ?"

"வைக்கலாம்."

"நான் கேள்விப்பட்டது அண்டைக்குத்தான்." அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "என்ர வாயாலதான் கேள்விப்பட்டனான்."

ஐயர் திதியைக் கணித்துத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மாசி, வளர்பிறைத் திரயோதசி. அது எந்த நாள் என்று அவருக்குத் தெரியாது. மாசி பத்து, பிப்ரவரி 22. வெலாண்டோவைத் தூக்கிக்கொண்டு போன நாள். இனி ஒவ்வொரு வருடமும் அப்பா அன்றுதான் இறப்பார்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். அம்மா தூங்குகிறாள். பகலில் தூங்குகிறவள் இல்லை.

செய்ய வேண்டியவை:

1. ஞாயிறு ராமேஸ்வரம் போவதற்கு இரண்டு பேருக்கு அனுமதி. நாளைக் காலையிலேயே மனு.

2. காத்தோட்டிக்காய், முள்ளுக்கொடியில் காய்க்கும் கசப்புக் காய். ஆடி அமாவாசைப் படையலில் அது இருக்க வேண்டும் என்கிறாள் அம்மா. இங்கே கிடைக்குமா தெரியாது. பெர்னதெத் அக்கா வேதக்காரி, இந்த விரதமெல்லாம் அவவுக்கு இல்லை, ஆனால் முகாமைச் சுற்றி என்ன செடி எங்கே நிற்கிறது என்று அவவுக்குத்தான் தெரியும்.

3. அப்பாவின் படம் ஒன்றுதான் இருக்கிறது, யாரோ ஒருவரின் கல்யாணத்தில், பின்வரிசையில் நிற்கிறார். வெட்டிப் பெரிதாக்க வேண்டும். புள்ளி புள்ளியாக உடையும். உடையட்டும். மென்பொருளைக் கொண்டு முகத்தை நிரப்பக் கூடாது.

4. அப்பா கடைசியாகக் கூப்பிட்ட நம்பரின் சிம். மாதாமாதம் ரீசார்ஜ் செய்து பழைய போனில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது. இந்த மாதம் செய்யாமல் இருந்து பார்க்க வேண்டும்.

5. படக் கம்பெனிக்குக் கடிதம். வெட்டச் சொல்லி எழுதிப் பயனில்லை. கடைசியில் பெயர்கள் ஓடும்போது தவமலர் யோகநாதன் என்று ஒரு வரி கேட்க வேண்டும். இரண்டு பெயரும் சேர்ந்து வர வேண்டும்.

6. சம்மதத் தாளில் அவளுக்காகக் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்ல வேண்டும்.

7. ஆகஸ்ட் 9, படம் வெளியாகும் நாள், காரைக்குடி, முதல் காட்சி. அம்மாவிடம் வருகிறாளா என்று கேட்கலாம். ஒரு தடவைதான் கேட்க வேண்டும். வரச் சொல்லக் கூடாது.

8. பெட்டி வரும்போது எழுந்து நிற்க வேண்டும். சவம் கடக்கும்போது எழுந்து நிற்பது எங்கள் வழக்கம். அந்தக் கொலைகாரனுக்காக நிற்கிறான் என்று தியேட்டரே நினைக்கும். பின்னாலிருந்து எவனாவது "உக்கார்றா டேய்" என்பான். அம்மாவின் முகம் திரையை விட்டுப் போகும்வரை உட்காரக் கூடாது.